கடன் தீருமட்டும்

எங்கள் வீட்டில் பொழுது சாய்ந்ததும் குடும்ப ஜெபம் நடக்கும். ஒரு கீர்த்தனை, வேதாகமத்திலிருந்து ஒரு சங்கீதம், அப்பா ஜெபிப்பார், கடைசியில் எல்லோரும் சேர்ந்து, இயேசு கற்றுக்கொடுத்த பரமண்டல ஜெபம். திண்ணையில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்தபடி அப்பாருவும், அதாவது என் தாத்தாவும், கூடச் சொல்வார். ஒரே ஒரு இடத்தில் மட்டும் அவர் எங்களோடு சேர மாட்டார். ஆலயத்தில் சொல்கிற மாதிரி நாங்கள் "எங்கள் குற்றங்களை எங்களுக்கு மன்னியும்" என்போம். அப்பாரு "எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்" என்பார். அந்த ஒரு வார்த்தையில் அவர் குரல் எங்கள் எல்லோர் குரலையும் தாண்டி மேலே நிற்கும்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. ஓய்வுநாள் பள்ளியில் மனப்பாடப் பரிசு வாங்கிய பெருமையில் ஒருநாள் அவரைத் திருத்தப் போனேன். "அப்பாரு, குற்றங்கள்னு சொல்லோணும். ஐயர் அப்படித்தான் சொல்றாரு."

ஐயர் என்றால் எங்கள் சபைப் போதகர். அப்பாரு கோபப்படவில்லை. "எனக்கு இருந்தது கடன்தான் அப்புனு" என்றார். அவ்வளவுதான்.

இது 1966. அந்தப் பதில் எனக்கு விளங்குவதற்கு முப்பத்திரண்டு வருடம் ஆனது.

அப்பாரு பண்ணையாளாக இருந்தவர். பவானிக்கும் ஈரோட்டுக்கும் நடுவில் ஒரு சின்ன ஊர். அவருடைய அப்பா, ஒரு கல்யாணச் செலவுக்காகப் பண்ணையக்காரரிடம் சில வள்ளம் கம்பும் கொஞ்சம் ரூபாயும் வாங்கிவிட்டு ஒரு காகிதத்தில் கைநாட்டு வைத்தார். அந்தக் கைநாட்டுக்காக அப்பாருவைப் பதினோரு வயதில் பண்ணையத்தில் விட்டார்கள். கட்டுத்தரை கூட்டினார், மாடு மேய்த்தார், தோள் எட்டிய பிறகு, மாடு பூட்டிக் கிணற்றில் நீர் இறைக்கும் கவலை ஓட்டினார். வருடத்துக்கு ஒரு தடவை கணக்குப் பார்ப்பார்கள். ஒவ்வொரு தடவையும் கடன் கொஞ்சம் வளர்ந்திருக்கும். ஊர்க் கிணற்றில் எங்கள் ஆட்கள் தண்ணீர் சேந்தக் கூடாத காலம் அது. எத்தனை நாளைக்கு இங்கே இருக்க வேண்டும் என்று ஒருமுறை அவர் தன் அப்பாவைக் கேட்டாராம். "கடன் தீர்ற மட்டும்" என்று பதில் வந்ததாம். இதைச் சொல்லும்போதெல்லாம் அப்பாரு கையை மடக்கி மடியில் வைத்துக்கொள்வார்.

அந்தச் சமயத்தில்தான் ஈரோட்டிலிருந்து ஓர் உபதேசியார் அரிக்கேன் விளக்கோடு எங்கள் சேரிக்கு வந்து இராப்பள்ளி நடத்த ஆரம்பித்தார். லண்டன் மிஷனரி சங்கத்தின் ஊழியம் அந்த நாட்களில் ஈரோட்டைச் சுற்றிய கிராமங்களில் பரவிக்கொண்டிருந்தது. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த பிரப் ஐயர் அங்கே ஊழியம் செய்த காலம். பன்னீர்செல்வம் பார்க் பக்கம் நிற்கிற பெரிய ஆலயத்துக்கும், கடைவீதிகள் நிறைந்த பிரப் சாலைக்கும் அவர் பெயர்தான். ஆனால் அப்பாருவுக்குச் சுவிசேஷம் கொண்டுவந்தவர் வெள்ளைக்காரர் கிடையாது. ஊர் முழுக்க "டேய்" என்று கூப்பிட்ட ஒரு பையனை முழுப் பேரும் சொல்லி, "உட்காருங்க" என்று சொன்ன அந்த உபதேசியார்தான். அப்பாரு சாகிறவரை அவரைப் பற்றிப் பேசினால் கண் கலங்குவார். மனிதர்களின் மதமாற்றத்தைப் பற்றி யார் யாரோ என்னென்னவோ காரணம் சொல்கிறார்கள். எங்கள் குடும்பத்தில் அது ஒரு "உட்காருங்க"வில் தொடங்கியது. எனக்கு அதில் வெட்கமும் இல்லை, விளக்கம் சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை.

இராப்பள்ளியில் அப்பாரு எழுத்துக்கூட்டப் படித்தார். வேதாகமத்தில் அவர் சொந்தமாக வாசித்த முதல் பகுதிகளில் ஒன்று மத்தேயு ஆறாம் அதிகாரம். அங்கே குற்றம் என்ற சொல் இல்லை. கடன் என்றுதான் இருக்கிறது. கடனாளிகள் என்றும் இருக்கிறது. கவலை ஓட்டிக் கை காய்ந்த ஒரு பதினேழு வயதுப் பையன், கடவுளிடம் கேட்கச் சொல்லிக் கர்த்தரே கற்றுக்கொடுத்த ஜெபத்தில் தன் கடன் இருப்பதைப் பார்க்கிறான். அன்றைக்கு ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை என்று சொல்லியிருக்கிறார்.

அப்புறம் அவர் தன் கைநாட்டுக் காகிதத்தையே வாசிக்கக் கேட்டார். வேலை செய்து கழித்தது எதுவும் அதில் ஏறவே இல்லை. உபதேசியாரும் சபைப் பெரியவர்கள் இரண்டு பேரும் போய்ப் பண்ணையக்காரரிடம் பேசினார்கள். அவர் ரொம்ப நேரம் அந்தக் காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, போகட்டும் என்று விட்டுவிட்டார். அப்பாரு காவிரியைத் தாண்டிப் பள்ளிபாளையம் வந்து கைத்தறி பழகினார். எங்கள் குடும்பம் நெசவுக்கு வந்த கதை இது.

என் கதைக்கு வருகிறேன். அதில் முதல் நாற்பது வருடத்தில் பெரிதாக ஒன்றுமில்லை.

குழந்தையிலேயே ஞானஸ்நானம். விடுமுறை வேதாகமப் பள்ளி, கேரல் ரவுண்ட்ஸ், ஆண்டு விழாவில் யோசேப்பு வேஷம். 1973-இல் திடப்படுத்தல், அதாவது ஞானஸ்நான வாக்குறுதியை நானே சொல்லி உறுதிசெய்யும் சடங்கு. 1975-இல் ஈரோட்டில் ஒரு கன்வென்ஷன் கூட்டத்தில், கையைத் தூக்குங்கள் என்று பிரசங்கியார் சொன்னபோது நானும் தூக்கினேன், அழுதேன். அந்த அழுகையைப் பொய் என்று இன்றைக்கும் சொல்ல மாட்டேன். விதை விழுந்தது உண்மை. ஆனால் அதற்கு மேல் நான் மண் தள்ளிக்கொண்டே போனேன்.

அப்பா விட்டுப்போன கைத்தறி விசைத்தறியானது. 1983-இல் 4 தறி, 1995-இல் 16. லுங்கியும் வேட்டியும் ஓட்டினோம். சபையில் கமிட்டி உறுப்பினர் ஆனேன். அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு பூசணிக்காயை யாரும் கேட்க முடியாத விலைக்குக் கேட்டு எடுப்பேன். ஜனங்கள் திரும்பிப் பார்ப்பார்கள். காணிக்கைதான் கொடுக்கிறேன் என்று என்னை நானே நம்ப வைத்துக்கொண்டேன். தினமும் மூன்று வேளை பரமண்டல ஜெபம் சொன்னேன், ஆலயத்தில் சொல்கிற மாதிரி, குற்றங்கள் என்று. அப்பாரு 1971-லேயே போய்ச் சேர்ந்திருந்தார். கடன் என்று சொல்ல வீட்டில் ஆள் இல்லை.

பள்ளிபாளையம், குமாரபாளையம், திருச்செங்கோடு பக்கம் தறி வைத்திருக்கிறவர்களுக்கு முன்பணம் என்றால் என்னவென்று சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தறி ஓட்ட வரும் குடும்பத்துக்கு உரிமையாளர் முதலிலேயே ஒரு தொகை கொடுப்பார். கல்யாணம், சீர், வைத்தியம், பழைய இடத்தில் இருக்கும் பாக்கி, இப்படி ஏதோ ஒன்றுக்கு. குடும்பம் பட்டறையை ஒட்டிய லைன் வீட்டில் குடியேறும். புருஷன் ராத்திரி ஓட்டினால் பெண்சாதி பகலில் ஓட்டுவாள். பிள்ளைகள் தார் சுற்றும், அதாவது தறிக்கு வேண்டிய நூலைக் குச்சியில் சுற்றும். முன்பணம் வாங்கினவர்களுக்குக் கூலி மீட்டருக்குச் சில பைசா குறைவு. வார்த்தையில் யாரும் சொல்வதில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும். வாரக் கூலியில் கொஞ்சம் பிடிப்போம். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் மறுபடி கைமாத்து வாங்குவார்கள். தொகை இறங்கவே இறங்காது. பாக்கி இருக்கும்வரை வேறு பட்டறைக்குப் போக முடியாது. வேறு பட்டறைக்காரர் அந்தப் பாக்கியைக் கட்டி அழைத்துக்கொண்டால்தான் போகலாம். அப்போது கடன் கைமாறும், அவர்களும் கூடவே கைமாறுவார்கள்.

கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976-இல் வந்தது. பண்ணையாட்களின் கடன்கள் செல்லாது என்று ஆனபோது எங்கள் சபையில் ஸ்தோத்திர ஜெபம் செய்தோம். எனக்கு அப்போது பத்தொன்பது வயது. அதே சட்டம் ஒருநாள் என் நோட்டுப் புத்தகத்தைக் காட்டிப் பேசும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பண்ணையாளின் பேரன் நான். அந்த நோட்டில் பன்னிரண்டு குடும்பங்களின் பெயர் என் கையெழுத்தில் இருந்தது.

1998 ஆகஸ்டில் அதில் ஒரு குடும்பம் ராவோடு ராவாகப் போய்விட்டது. மூன்று வருடம் என்னிடம் வேலை செய்தவர்கள். பாக்கி 18,000 ரூபாய். விட்டால் மற்றவர்களும் போவார்கள் என்று சக உரிமையாளர்கள் சொன்னார்கள். எனக்கும் அப்படித்தான் பட்டது. இரண்டு ஆட்களை ஏற்றிக்கொண்டு வேனில் போனேன். கொடுமுடிப் பக்கம் அந்தப் பெண்ணின் அம்மா வீட்டில் கண்டுபிடித்தோம். நான் அடிக்கவில்லை, கெட்ட வார்த்தை பேசவில்லை. இதைப் பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தேவைப்படவில்லை என்பதுதான் நிஜம். வேனைப் பார்த்ததுமே அவர்கள் பாத்திரங்களைக் கட்டத் தொடங்கிவிட்டார்கள். அந்தப் பெண் ஒரு போசியை மடியில் வைத்துக்கொண்டு வழி முழுக்கக் குனிந்தே வந்தார். ஒன்பது வயதுப் பையன் ஒருவன் பின்சீட்டில் என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தான்.

மறுநாள் ராத்திரி பதினொரு மணி இருக்கும். பட்டறையில் நின்றுகொண்டிருந்தேன். கரண்ட் போனது. தறி ஓடும் ஊரில் இருக்கிறவர்களுக்குத் தெரியும், கரண்ட் போனால் அந்த ஓசை நிற்கிறபோது காதுக்குள் ஒரு பள்ளம் விழுந்த மாதிரி இருக்கும். அதுவரை கேட்காததெல்லாம் கேட்கும். லைன் வீட்டில் அந்தப் பையன் கேட்டான்:

"அப்பா, எத்தன நாளைக்கு இங்க இருக்கோணும்?"

அவன் அப்பா சொன்னார்: "கடன் தீர்ற மட்டும்."

நான் அங்கேயே தறியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அது அவர் குரலாகக் கேட்கவில்லை. கயிற்றுக் கட்டில், திண்ணை, மடியில் மடக்கிய கை எல்லாம் என் முன்னால் வந்தது. எனக்கு இருந்தது கடன்தான் அப்புனு. அந்தக் கதையில் நான் எப்போதும் அப்பாருவின் பக்கம் நின்றுதான் கேட்டிருந்தேன். அன்று இருட்டில் எனக்குத் தெரிந்தது, அந்தக் கதையில் இப்போது காகிதத்தைக் கையில் வைத்திருப்பவன் நான்.

கரண்ட் வந்தும் தறியைப் போடச் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து வேதாகமத்தை எடுத்தேன். மத்தேயு பதினெட்டில் ராஜாவிடம் கணக்குக் கொடுக்க வந்த ஊழியக்காரனின் உவமை. அவனுக்குப் பதினாயிரம் தாலந்து கடன், ராஜா மன்னித்துவிடுகிறார். வெளியே வந்தவன் தனக்கு நூறு வெள்ளிப்பணம் தர வேண்டிய உடன்வேலைக்காரனின் தொண்டையைப் பிடிக்கிறான். கடனைக் கொடுத்துத் தீர்க்குமளவும் காவலில் போடுவிக்கிறான். நூறு தடவை கேட்ட உவமை. அந்த "தீர்க்குமளவும்" அன்றைக்குத்தான் கண்ணில் பட்டது. லைன் வீட்டில் கேட்ட அதே வார்த்தை.

நான் கணக்குப் போடுகிறவன், அதனால் கணக்குப் போட்டேன். வேதாகமத்தின் பின்னால் அளவைகள் பற்றிய அட்டவணை ஒன்று இருக்கும். வெள்ளிப்பணம் ஒரு நாள் கூலி. ஒரு தாலந்து 6,000 வெள்ளிப்பணம். பதினாயிரம் தாலந்து என்றால் 6 கோடி நாள் கூலி. வருடத்துக்கு 300 நாள் தறி ஓட்டினாலும் தீர்க்க 2,00,000 வருடம் ஆகும். அவன் பிடித்துக்கொண்ட தொண்டையில் இருந்ததோ நூறு நாள் கூலி. ஆறு லட்சத்தில் ஒரு பங்கு. இதைப் பென்சிலால் நோட்டின் ஓரத்தில் எழுதிவிட்டு, முழங்கால் போட்டேன். என்ன ஜெபித்தேன் என்று நினைவில்லை. விடியும்போது பாயில் அப்படியே கிடந்தேன். என் பெண்சாதி எழுப்பி, காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

என் மனந்திரும்புதல் எப்போது என்று சாட்சி சொல்லக் கேட்டால் இந்த ராத்திரியைத்தான் சொல்வேன். வெளிச்சமோ சத்தமோ எதுவும் இல்லை, சொப்பனமும் இல்லை. ஒரு குடும்பத்தின் பேச்சு சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டது, அவ்வளவுதான். கர்த்தர் என்னோடு பேசினார் என்று நம்புகிறேன்.

காலையில் அவளிடம் சொன்னேன். "ஏனுங்க, பதினெட்டாயிரமுங்க" என்றாள். சிறிது நேரம் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சரி, போய்ச் சொல்லிருங்க. மத்தியானத்துக்குள்ள சொல்லிருங்க, இல்லாட்டி மனசு மாறிரும்" என்றாள். என்னை அவளுக்கு அவ்வளவு நன்றாகத் தெரியும்.

லைன் வீட்டுக்குப் போய் அந்த மனிதரிடம் நோட்டைக் காட்டி அவர் பக்கத்தைக் கிழித்தேன். பாக்கி ஒன்றுமில்லை என்றேன். அவர் அழுவார், கையெடுத்துக் கும்பிடுவார் என்று நான் எதிர்பார்த்திருந்தேன். இதை ஒளிக்காமல் சொல்கிறேன். அவர் என் முகத்தையே பார்த்தார். இதில் என்ன சூது இருக்கிறது என்று தேடுகிற பார்வை. "அப்ப நாங்க போலாமுங்களா?" என்று கேட்டார். போகலாம் என்றேன். மத்தியானத்துக்குள் போய்விட்டார்கள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அது எனக்கு வலித்தது. அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஆயர் ஐயாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். சபாஷ் என்று ஒரு வார்த்தை வரும் என்ற ஆசை இருந்தது. அவர் வயதானவர், மெதுவாகப் பேசுவார். "மூணு வருஷம் வேலை செஞ்சாங்கன்னு சொன்னீங்க. முன்பணம் வாங்காதவங்களுக்கு நீங்க மீட்டருக்கு எவ்வளவு குடுப்பீங்க, அவங்களுக்கு எவ்வளவு குடுத்தீங்க?" என்று கேட்டார். 10 பைசா வித்தியாசம் என்றேன். "வீட்டுல போய்க் கணக்குப் போட்டுப் பாருங்க. கணக்கு உங்களுக்கு நல்லா வருமே" என்றார்.

போட்டேன். இருவரும் சேர்ந்து ஒரு நாளைக்கு 240 மீட்டர். 300 நாள், மூன்று வருடம், 2,16,000 மீட்டர். மீட்டருக்கு 10 பைசா. 21,600 ரூபாய்.

அவர்கள் எனக்குத் தர வேண்டியது 18,000. நான் அவர்களுக்குத் தர வேண்டியது 21,600. நான் மன்னித்ததாக நினைத்து நோட்டைக் கிழித்தேனே, கடனாளி நான்தான். 3,600 ரூபாய் கடனாளி.

அந்த ஞாயிறு மாலையில்தான் ஜெபத்தின் அந்த வரி எனக்கு முழுதாக விளங்கத் தொடங்கியது. ஒரே வரியில் இரண்டு கடன் இருக்கிறது, ஒன்று நான் பட்ட கடன், ஒன்று பிறர் எனக்குப் பட்ட கடன். நம் கண்ணுக்கு இரண்டாவதுதான் எப்போதும் பெரிதாகத் தெரிகிறது.

பிற்பாடு ஆயர் ஐயாவிடம் கேட்டுக் கொஞ்சம் படித்தேன். நாம் வாசிக்கும் பழைய மொழிபெயர்ப்பு, ஹென்றி பவர் தலைமையில் வேலை நடந்து 1871-இல் வெளியானது. மத்தேயுவின் கிரேக்க மூலத்தில் கடன் என்ற சொல்லே இருப்பதால் அவர்கள் அப்படியே வைத்தார்கள். இயேசு பேசிய அரமேயத்திலோ கடனுக்கும் பாவத்துக்கும் ஒரே சொல்தானாம். ஆராதனையில் நாம் குற்றங்கள் என்று சொல்வது ஆங்கில ஜெபப் புத்தகத்தின் வழியில் வந்த பழக்கம். இரண்டும் சரிதான் என்றார் ஐயா. எனக்கு ஒன்று தோன்றியது. தமிழில் கடன் என்றால் பணம் மட்டுமா? காலைக்கடன் இருக்கிறது, நேர்த்திக்கடன் இருக்கிறது, இறந்தவர்களுக்குச் செய்யும் கடன் இருக்கிறது. செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டதெல்லாம் கடன்தான். குற்றம் என்று கேட்டால் நான் என்ன செய்தேன் என்று யோசிப்பேன். நான் அடிக்கவில்லையே, திட்டவில்லையே என்று தப்பித்துக்கொள்வேன். கடன் என்று கேட்டால் தப்பிக்க வழியில்லை. நோட்டைத் திறந்து பார்த்தே ஆக வேண்டும். அந்த வருடத்திலிருந்து நானும் அப்பாரு மாதிரி கடன்கள் என்றே சொல்கிறேன். ஆலயத்திலும் அப்படித்தான். பக்கத்தில் நிற்பவர்கள் சில சமயம் திரும்பிப் பார்ப்பார்கள்.

கொலோசெயர் நிருபத்தில் ஓரிடத்தில், நமக்கு எதிராக இருந்த கையெழுத்தைக் கிறிஸ்து சிலுவையில் ஆணியடித்தார் என்று பவுல் எழுதுகிறார். அந்தக் கையெழுத்து என்பது, கடன் வாங்கினவன் தன் கைப்பட எழுதிக் கொடுக்கும் சீட்டுக்கு அந்தக் காலத்தில் இருந்த பெயர். நம் ஊர் புரோநோட்டு மாதிரி. இதை அறிந்தபோது நான் எங்கே இருந்தேன் என்றுகூட நினைவிருக்கிறது. பாவு பிணைக்க ஆள் வராததால் பட்டறை வாசலில் சும்மா உட்கார்ந்திருந்தேன். அப்பாருவின் அப்பா வைத்த கைநாட்டு, என் நோட்டில் இருந்த பன்னிரண்டு பெயர், என் 3,600 எல்லாம் சேர்ந்து ஒரே ஆணியில் தொங்குவதுபோல் இருந்தது. பெரிய வெள்ளிக்கிழமை மூன்று மணி நேர ஆராதனையில் இப்போதும் நான் பார்ப்பது அதைத்தான்.

மீதிப் பதினோரு குடும்பங்களின் கணக்கை நான் உடனே விட்டுவிடவில்லை. முடியவில்லை. தறி வாங்கிய வங்கிக் கடன் என் தலையில் இருந்தது. முதலில் கூலியைச் சமமாக்கினேன். கைமாத்துக்குப் பிடிப்பதை நிறுத்தினேன். முன்பணமே கொடுப்பதில்லை என்று முடிவெடுக்க 2004 ஆகிவிட்டது. அதன் பிறகு ஆட்கள் வரவில்லை. ஏன் வருவார்கள்? பிள்ளையின் கல்யாணத்துக்குப் பணம் வேண்டியவர், முன்பணம் கொடுக்கும் இடத்துக்குத்தான் போவார். 16 தறியில் 8-ஐ விற்றேன். விசுவாசம் வந்தால் தொழில் செழிக்கும் என்று மேடையில் சொல்கிறவர்களோடு எனக்கு ஒத்துப் போவதில்லை. என் தொழில் பாதியானது. கர்த்தர் என்னைக் கைவிடவில்லை என்பதும் உண்மை. இந்த இரண்டும் ஒரே வீட்டில் இருந்தன.

2003-இல் அந்தக் குடும்பத்தைத் தேடிக் கொடுமுடிப் பக்கம் மறுபடி போனேன். இந்த முறை பஸ்ஸில், தனியாக. அந்த மனிதர் இரண்டு வருடத்துக்கு முன்பே இறந்திருந்தார். அவர் மனைவி என்னைப் பார்த்ததும் வாசலில் ஒரு நிமிஷம் அப்படியே நின்றார். பிறகு, "வாங்க, உக்காருங்க" என்று சேரை எடுத்துப் போட்டார். சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து தந்தார். எங்கள் பக்கத்தில் வாசலுக்கு வந்தவர் யாராக இருந்தாலும் இது தவறாது. அந்தத் தண்ணீரை வாங்கிக் குடிப்பது அன்று எனக்கு எளிதாக இல்லை.

கணக்கைச் சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன். இயேசுவைச் சந்தித்த ஆயக்காரன் சகேயு, அநியாயமாக வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பிக் கொடுப்பதாகச் சொன்னதை மனதில் வைத்து 14,400 ரூபாயை ஒரு கவரில் போட்டுக் கொண்டுபோயிருந்தேன். கையில் வைத்தேன். அவர் கேட்டார்: "எங்களுக்குச் சேர வேண்டியது எவ்வளவுங்க?"

"மூவாயிரத்து அறுநூறுங்க அம்மா."

அவர் நிதானமாக எண்ணி அதை மட்டும் எடுத்துக்கொண்டார். மிச்சத்தைக் கவரோடு திருப்பித் தந்தார். "இது வேண்டாமுங்க. வாங்குனா அப்பறம் இது ஒரு கடனாயிரும்."

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. எழுந்து வரும்போது மட்டும், "பணம் போச்சுங்க, அது கெடக்குது. எம் பையன் அந்த வேன்ல வந்தத இன்னும் மறக்கலீங்க. வேன் ஏதாச்சும் வாசல்ல நின்னா உள்ள போயிருவான்" என்றார்.

இருபத்திரண்டு வருடமாக இந்த வார்த்தை என்னோடு இருக்கிறது.

என் பெண்சாதி 2017-இல் போய்ச் சேர்ந்தாள். ஈஸ்டர் விடியற்காலையில் கல்லறைத் தோட்டத்துக்குப் போய் அவள் தலைமாட்டில் மெழுகுவர்த்தி வைத்துவிட்டு ஆராதனைக்குப் போகிறேன். உயிர்த்தெழுதலை நான் நம்புகிறேன், முன்பைவிட இப்போது அதிகமாக. அவள் கடைசி வாரத்தில் ஒருநாள் கேட்டாள்: "அந்தப் பையனப் பாத்தீங்களா?" இல்லை என்றேன். "பாத்துருங்க" என்றாள். அதற்கும் எட்டு வருடம் ஆகிவிட்டது. தைரியம் வரவில்லை. அம்மாவிடம் போனதைவிட இது கஷ்டமாக இருந்தது. கணக்குப் போட முடியாத கடன் இது. எத்தனை மீட்டர், எத்தனை பைசா என்று எதை வைத்துப் பெருக்குவது?

போன மாதம் அவன் அம்மாவிடமிருந்து நம்பர் வாங்கிப் போன் செய்தேன். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். கல்யாணமாகி ஒரு பெண் குழந்தை. என் பெயரைச் சொன்னேன், அவனுக்குத் தெரியவில்லை. பள்ளிபாளையம் என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

"அந்த வேன்ல வந்தவருங்களா?"

"ஆமாங்க தம்பி."

மறுபடியும் பேச்சில்லை. வைத்துவிடுவான் என்று நினைத்தேன். பின்னால் ஒரு குழந்தை ஏதோ கேட்டுக்கொண்டிருந்தது. அதற்குப் பதில் சொல்லிவிட்டு, "ஞாயித்துக்கெழமதான் லீவுங்க. வாங்க" என்றான்.

வருகிற ஞாயிறு குருத்தோலை ஞாயிறு. நினைவு தெரிந்த நாளிலிருந்து ஒரு வருடமும் நான் குருத்தோலைப் பவனிக்குப் போகாமல் இருந்ததில்லை. காணிக்கையைப் பலிபீடத்தின் முன் அப்படியே வைத்துவிட்டு முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகு என்று சொன்னவரும் அந்தப் பவனியின் இயேசுதான். ஆயரிடம் சொல்லிவிட்டேன். ஈரோட்டிலிருந்து காலை ஆறு மணிக்குத் திருப்பூர் பஸ் இருக்கிறது. வேன், கார் எதுவும் வேண்டாம், அவன் வீட்டு வாசலுக்கு நடந்தே போகிறேன்.